தானே திறக்கும் தேடுபக்கம்: வீட்டுக் கணினியைச் சரிசெய்வது எப்படி?



பொம்மையார்பாளையத்தில் கடை வைத்திருக்கும் நம்மில் பலர் ஜி.எஸ்.டி. கணக்கை வீட்டுக் கணினியிலேயே தாக்கல் செய்கிறோம். அதே கணினியில் பிள்ளைகள் இலவச விளையாட்டு, பாட்டு இறக்கும் மென்பொருள் என்று எதையாவது போட்டுவிடுகிறார்கள். பிறகு குரோமைத் திறந்தால் கூகுளுக்குப் பதில் பெயர் தெரியாத தேடுபக்கம் வந்து நிற்கும். மாற்றி வைத்தாலும் மறுநாள் அதுவே வரும்.

எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. பழுது பார்க்க வந்தவர் விண்டோசையே புதிதாக ஏற்றிக் கொடுத்தார். (கணக்கு விவரங்களைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன்.) அன்று மாலை குரோமில் என் கூகுள் கணக்கில் நுழைந்தேன். அதே பக்கம்! கெட்ட எக்ஸ்டென்ஷன் 'சிங்க்' வசதி வழியாகத் திரும்ப வந்திருக்கிறது.

இதைச் சில்லறைத் தொல்லை என்று விடக்கூடாது. 2017 ஜூனில் இஸ்ரேலின் செக் பாயிண்ட் நிறுவனம் 'ஃபயர்பால்' என்ற இத்தகைய மென்பொருளைப் பற்றி அறிவித்தது. இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்த அது உலகில் 25 கோடி கணினிகளிலும், இந்தியாவில் மட்டும் 2.53 கோடியிலும் புகுந்ததாகக் கணக்கிட்டது. அந்த எண்ணிக்கை மிகை என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எப்படியாயினும், தேடுபக்கத்தை மாற்றத் தெரிந்தது வேறு கெடுதலையும் கணினிக்குள் இறக்க வல்லது. நம் வங்கிக் கணக்கைத் திறப்பதும் அங்கேதானே!

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் குரோமில் 'சிங்க்'கை நிறுத்துங்கள். அடுத்து கண்ட்ரோல் பேனலில் மென்பொருள்களைத் தேதிவாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளில் வந்த அந்நியமானவற்றை நீக்குங்கள். இதை விட்டுவிட்டுக் குரோமை மட்டும் திருத்தினால் உள்ளே இருப்பது மறுபடி மாற்றிவிடும். பிறகு எக்ஸ்டென்ஷன்களை நீக்கி, 'ரீசெட் செட்டிங்ஸ்' கொடுங்கள். புக்மார்க்கும் சேமித்த கடவுச்சொல்லும் அழியாது.

பலர் தவறவிடும் இடம் குரோமின் ஷார்ட்கட். அதன் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து 'டார்கெட்' கட்டத்தைப் பாருங்கள். 'குரோம்.எக்ஸ்இ' என்பதற்குப் பின் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதை மட்டும் அழியுங்கள். கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள். விண்டோஸ் எழும்புமுன் சோதிப்பதால் ஒளிந்திருப்பதும் அகப்படும். ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகும். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திராவும் இலவச நீக்குக் கருவி தருகிறது.

குரோம் மெனுவில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று ஆங்கிலத்தில் வந்தால், ரெஜிஸ்ட்ரியில் கைவைத்திருக்கலாம். சில ஆன்டிவைரஸ்களாலும் அவ்வாறு வருவதுண்டு. அதைத் தெரிந்தவரிடமே விடுங்கள்.

சுத்தமான பிறகே வங்கி, ஜி.எஸ்.டி., மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். அவசரமெனில் நல்ல கைப்பேசியிலிருந்து மாற்றுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930க்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள்.