காதுக்குக் கேட்கிற காவல்

கோவை

அன்புள்ள அம்மிணி,

உன் குரல் செய்தியைக் கேட்டேன். சோமனூர் ஆபீசில் உனக்கென்று புது லேப்டாப் வாங்கப் போகிறார்கள், கடைக்காரர் மூன்று வருஷத்துக்கு ஆன்டிவைரஸும் சேர்த்துப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார், முதலாளி "எது வேணும்னு நீயே சொல்லும்மா" என்று உன்னிடமே விட்டுவிட்டார் என்றாய். அவர் உன்னைக் கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். பார்வையில்லாத நமக்கு, பிறர் தேர்ந்தெடுத்து, பிறர் போட்டு முடித்த பிறகுதான் எந்த மெஷினும் கைக்கு வரும். இந்தத் தடவை முதலிலேயே கேட்டிருக்கிறார். யோசித்துப் பதில் சொல்.

என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆபத்து வருகிற நிமிஷத்தில் ஆன்டிவைரஸ் என்ன சொல்கிறது என்பது உன் காதில் விழ வேண்டும்; அதற்கு நீயே, பக்கத்தில் யாரையும் கூப்பிடாமல், கீபோர்டில் பதில் கொடுக்க முடிய வேண்டும். இவை இரண்டும் இல்லாத ஆன்டிவைரஸ் எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் உனக்கு வேண்டாம். அப்படிப் பார்த்தால், விண்டோஸோடு சேர்ந்தே வருகிற மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில் ஆரம்பி. காசு கொடுத்து வேறொன்று வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் சோதித்துப் பார்த்த பிறகு வாங்கச் சொல்.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற ஸ்கிரீன் ரீடருக்கும் ஆன்டிவைரஸுக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது தெரிந்தால் கடைக்காரரிடம் நீ தெம்பாகப் பேசலாம். நீ அழுத்துகிற ஒவ்வொரு விசையையும் நம் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ முதலில் பிடித்துப் பார்க்கிறது. மற்ற புரோகிராம்களுக்குள் தன்னுடைய சிறு பகுதி ஒன்றை நுழைத்து, அங்கே என்ன பட்டன் இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்து வந்து உனக்குச் சொல்கிறது. பாஸ்வேர்டு திருடுகிற கெட்ட புரோகிராமும் இதே இரண்டு வேலைகளைத்தான் செய்யும். அதனால் நடத்தையைப் பார்த்துச் சந்தேகப்படும் ஆன்டிவைரஸ் சில சமயம் நம் ரீடரின் கோப்பையே பிடித்துப் பூட்டிவிடும். தன்னை எந்த வைரஸும் அணைத்துவிடக் கூடாதென்று தனக்குள் யாரையும் விடாமல் அது போட்டுக்கொள்கிற தற்காப்பும் உண்டு. அதில் நம் ரீடரும் வெளியே நின்றுவிடுகிறது.

இதைவிட அதிகம் தொல்லை தருவது அந்த ஜன்னல்களை வடிவமைக்கிற விதம். ஒரு பட்டன் தன் பெயரையும் தன் வேலையையும் ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்வதற்கான ஏற்பாடு 1997 முதலே விண்டோஸில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று படமாகவே வரைந்து வைத்தால், நீ டேப் விசையை அழுத்திக்கொண்டே போகும்போது "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் வரும். எது ஸ்கேன், எது டிலீட், எது பணம் கட்டச் சொல்வது, எதுவும் தெரியாது. சிலவற்றில் அந்தச் சொல்கூட வராது.

டிஃபெண்டரை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இதுதான். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அது முழு ஆன்டிவைரஸாகவே விண்டோஸுக்குள் இருக்கிறது. தனியாகக் காசு இல்லை. ரெனியூவல் கேட்டு நடுவில் குதிக்கிற ஜன்னலும் இல்லை. விண்டோஸ் செக்யூரிட்டி என்று ஸ்டார்ட் மெனுவில் டைப் செய்து திறந்தால் தலைப்பு, பட்டன், சுவிட்ச் எல்லாம் பெயரோடு வரும். மெயிலில் வந்த பைல் மீது சந்தேகமா, அதைத் திறக்காமல் சேமித்து, அதன் மேல் நின்று ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி, மெனுவில் "ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்" வரை இறங்கி என்டர் தட்டு. எதையாவது பிடித்தால் அறிவிப்பாக வரும், என்விடிஏ வாசிக்கும். கேட்கத் தவறிவிட்டால் விண்டோஸ் விசையோடு N அழுத்து, அறிவிப்புப் பட்டியல் திறக்கும். லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்க வேண்டும் என்பதை மட்டும் கறாராகச் சொல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. கடையில் விலை குறைவாகக் கிடைக்கிற பழைய மெஷின்களில் அதுதான் இருக்கும்.

கடைக்காரர் ஆய்வகங்களின் மதிப்பெண் பட்டியலைக் காட்டக்கூடும். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இரண்டும் மதிக்கத்தக்க இடங்கள்தான். வைரஸைப் பிடிக்கும் திறனை அவர்கள் நன்றாகவே அளக்கிறார்கள். ஆனால் ஏவி-டெஸ்ட் பட்டியலில் "யூசபிலிட்டி" என்றொரு மதிப்பெண் இருக்கும்; அதை நம்பி ஏமாந்துவிடாதே. நல்ல பைலைக் கெட்ட பைல் என்று தப்பாகக் கத்துகிறதா என்பதைத்தான் அதில் பார்க்கிறார்கள். கண் தெரியாதவர் அதைப் பயன்படுத்த முடியுமா என்பதற்கு அங்கே மார்க் கிடையாது.

அந்த மார்க்கை நீதான் போட வேண்டும். சென்னையின் கே7, புணேயின் குயிக் ஹீல், வெளிநாட்டுக் கம்பெனிகள், எதுவானாலும் சரி. எது நல்லது என்று பெயர் சொல்லி நான் தீர்ப்புக் கொடுக்கப் போவதில்லை. ஒவ்வொரு புது வெர்ஷனிலும் ஜன்னலை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். போன வருஷம் நன்றாகப் பேசியது இந்த வருஷம் ஊமையாகிவிடும். காசு கொடுக்கும் முன் டிரையல் வெர்ஷனைப் போட்டு, திரையை அணைத்துவிட்டு, ஆரம்பம் முதல் கடைசி வரை நீ ஒருத்தியே இன்ஸ்டால் செய்து பார். அதற்கே பக்கத்து மேஜைப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடு.

தாண்டி வந்தால் அடுத்தது ஐகார் சோதனைக் கோப்பு. 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத பைல் இது. ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கென்றே ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு உருவாக்கியது. ஐகார் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆன்டிவைரஸ்கள் இதைக் கண்டதும் உண்மையான வைரஸைப் பிடித்தது போலவே நடந்துகொள்ளும். அதை இறக்கியதும் உன் காதில் என்ன விழுகிறது என்று கவனி. "டிங்" என்ற சத்தம் மட்டும் வந்தால் அது தேறாது. பைல் பெயரைச் சொல்லி, என்ன செய்தது என்று சொல்லி, டேப் அழுத்தினால் பட்டன்களின் பெயரும் வந்தால்தான் பாஸ். பூட்டி வைத்த பட்டியலைத் திறந்து அந்தப் பைலை நீயே அழிக்க முடிகிறதா என்பதையும் பார். ஆபீசும் தறிக்குடோனும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்று நீ சொல்லியிருக்கிறாய். தறி ஓடுகிற நேரத்தில் இயர்போனோடு இதைச் செய். அமைதியான ஞாயிற்றுக்கிழமையில் கேட்கிற சத்தம் செவ்வாய்க்கிழமை மதியம் கேட்காது.

வேகத்தையும் பார். ஸ்கேன் ஓடும்போது மெஷின் கொஞ்சம் தடுமாறினால் பார்வையுள்ளவர் பொறுத்துக்கொள்வார், திரை முன்னால் இருக்கிறது. உனக்கோ அம்புக்குறி விசையை அழுத்தியபின் பேச்சு வரும்வரை வெறும் மௌனம். சோமனூரில் தறி ஓட்டுகிறவர் எத்தனை தறி ஓடினாலும் எதில் சத்தம் மாறியது என்று கண்டுபிடித்துவிடுவார் அல்லவா, அந்தக் காது உனக்கும் உண்டு. எக்செலில் கூலிக் கணக்குத் தாளைத் திறந்து, முழு ஸ்கேனை ஓடவிட்டு, வரிசையாக இறங்கிப் பார். பேச்சு பின்தங்கினால் அந்த ஆன்டிவைரஸ் உனக்கு ஒத்துவராது. பேங்க் வேலைக்கென்று தனிப் பாதுகாப்பு பிரவுசர் தருகிறவர்களும் உண்டு. வெளியிலிருந்து எதுவும் நுழையக் கூடாதென்று கட்டியிருப்பதால் அதற்குள் ரீடர் வாயடைத்துப் போகக்கூடும். அப்படியானால் அந்த வசதியை மட்டும் அணைத்துவிடு. இன்னொன்று, இரண்டு ஆன்டிவைரஸை ஒன்றாக ஓடவிடாதே. வேறொன்றைப் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கும், அதை நீக்கினால் தானாக வேலைக்கு வரும்.

என்விடிஏ-வைப் பென் டிரைவிலிருந்து ஓட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிடு. "இந்தப் புரோகிராமை அனுமதிக்கலாமா" என்று விண்டோஸ் கேட்கும்போது திரை தனிப் பாதுகாப்புக்குள் போய்விடும். பென் டிரைவ் பிரதிக்கு அங்கே குரல் கிடையாது. முறையாக இன்ஸ்டால் செய்தது அங்கேயும் பேசும். அனுமதி கேட்கிற இடத்தில் காது கேட்காவிட்டால் எந்த ஆன்டிவைரஸும் உன்னைக் காப்பாற்றாது. என்விடிஏ-வின் பைலையே ஆன்டிவைரஸ் பிடித்தால் பதறாதே. அது என்விடிஏ-வை வெளியிடுகிற என்வி ஆக்சஸ் தளத்திலிருந்து நேரே இறக்கியதுதான் என்று உறுதி செய்துகொண்டு, என்விடிஏ இருக்கிற அந்த ஒரு போல்டருக்கு மட்டும் விலக்குக் கொடு. டவுன்லோட்ஸ் போல்டருக்கோ முழு டிரைவுக்கோ ஒருபோதும் கொடுக்காதே.

இனி நான் மிகவும் கவலையோடு சொல்வது. நம் ஆட்களிடையே காசு கொடுத்து வாங்க வேண்டிய ஜாஸ் என்கிற ஸ்கிரீன் ரீடரின் கிராக் பிரதி கைமாறிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். விலை கட்டுப்படியாகாதவர்களின் கஷ்டம் எனக்குப் புரியாததல்ல. ஆனால் அந்தக் கிராக்கோடு வருகிற குறிப்பின் முதல் வரியே "ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்" என்றுதான் இருக்கும். உன் கீபோர்டு முழுவதையும் கேட்கிற அதிகாரம் உள்ள புரோகிராம் அது. யார் கை வைத்தது என்று தெரியாத பிரதிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தால், திருடனை மெஷினுக்குள் நாமே உட்கார வைத்ததாகும். ஆனால் என்விடிஏ-வைப் பார். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்கிற ஆஸ்திரேலியர்கள் இருவரும் பார்வையில்லாதவர்கள். 2006-இல் கரன் என்விடிஏ-வைத் தொடங்கினார், டே சேர்ந்துகொண்டார். காசில்லாதவனும் கம்ப்யூட்டர் பயன்படுத்த வேண்டும் என்றுதான் இலவசமாகக் கொடுத்தார்கள். அது இருக்கும்போது கிராக் எதற்கு, அம்மிணி?

பிரவுசரில் திடீரென்று ஒரு குரல் "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று உச்சத்தில் கத்தும். பார்வையுள்ளவருக்கு அது வெறும் இரைச்சல். நமக்கு அது ரீடரின் குரலையே அமுக்கிவிடும், அதனால்தான் நம் ஆட்கள் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். அந்த நம்பருக்குக் கூப்பிடவே கூடாது. ஆல்ட் எஃப்4 அழுத்து. மூடவில்லையென்றால் கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடு. என்விடிஏ விசையோடு ஷிஃப்ட் டி அழுத்தினால் ரீடர் பேசும்போது மற்றச் சத்தத்தைக் குறைக்கிற வசதி மாறும். இன்றே பழகி வை. யாராவது ஏமாற்றிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் பண்ணச் சொல்.

ஆன்டிவைரஸ் இருக்கிறதென்று அப்டேட்டைத் தள்ளிப் போடாதே. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கெட்ட புரோகிராம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. உன் மெஷினில் இருப்பது பாவும் ஊடையும் யாருக்கு எவ்வளவு போனது, எத்தனை மீட்டர் துணி திரும்பியது, யாருக்கு எவ்வளவு கூலி என்கிற கணக்கு. அது பூட்டிக்கொண்டால் அந்த வாரம் எத்தனை வீட்டில் கூலி நிற்கும் என்று நினைத்துப் பார். தினமும் வேலை முடிந்ததும் ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து, டிஸ்கைக் கழற்றித் தனியாக வை.

சோதனையில் ஏதாவது ஒன்று ஊமையாக இருந்தால் அந்தக் கம்பெனிக்கு மெயில் போடு. எந்த ஜன்னல், எந்த வெர்ஷன், எந்த இடத்தில் நின்றுபோனது என்று விவரமாக எழுது. கெஞ்ச வேண்டியதில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. கம்ப்யூட்டர் பொருள்கள் அனைவருக்கும் ஏற்றபடி இருப்பதற்கென்றே ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. டிஜிட்டல் வசதி வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-இல் தீர்ப்பும் சொல்லிவிட்டது. இந்த மூன்றையும் மெயிலில் குறிப்பிடு.

முதலாளியிடம் இப்படிச் சொல்: விண்டோஸ் 11, ஒரு வெளி ஹார்டு டிஸ்க், ஆன்டிவைரஸ் இப்போதைக்குத் தனியாக வேண்டாம், அந்தக் காசில் டிஸ்கை வாங்கிக் கொடுங்கள். லேப்டாப் வந்ததும் என்விடிஏ-வைப் போட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு. 2025-ஆம் வருஷத்து வெர்ஷனிலிருந்து ரிமோட் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. நான் இங்கிருந்தே கூட இருந்து ஐகார் சோதனையை இருவருமாகச் செய்துவிடலாம். ரிமோட்டுக்கான சாவியைப் போனில் வாயால் மட்டும் சொல், ஆபீஸ் குரூப்பில் போட்டுவிடாதே.

அன்புடன்,
பெரியப்பா