ஓய்வு வேறு, உறக்கம் வேறு

சென்ற ஆண்டு என் பெரியம்மா புற்றுநோய்ச் சிகிச்சைக்காக இந்நகருக்கு வந்திருந்தார். வகுப்பு முடிந்ததும் நானே துணை. களைப்பு என்று அவர் சொன்னபோதெல்லாம், "படுத்துக்கொள்ளுங்கள் பெரியம்மா" என்றேன். பகலெல்லாம் படுத்தார்; இரவெல்லாம் விழித்தார்; களைப்போ வளர்ந்தது. அன்பினால் நான் செய்த பிழை அது.

உழைத்த களைப்பு ஓய்வால் தீரும். நோயும் மருந்தும் கதிர்வீச்சும் தரும் களைப்போ ஓய்வால் மட்டும் தீராது. பகலில் நெடுநேரம் உறங்கினால் இரவு உறக்கம் குன்றும். விழித்தபடியே கிடந்தால், படுக்கை உறங்குவதற்குரிய இடம் என்ற பழக்கமும் கெடும்.

செய்யத்தக்கவை யாவை? நாள்தோறும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். காலை வெளிச்சத்தில் இயன்ற அளவு நடக்க வேண்டும். பகல் உறக்கம் அரைமணிக்குள் அடங்க வேண்டும். இரவில் உறக்கம் வராவிடில் எழுந்து அமர்ந்து, கண் சொக்கும்போது படுக்கைக்குத் திரும்ப வேண்டும். இத்தகைய பழக்கங்களையும் உறக்கம் பற்றிய கவலையையும் திருத்தும் பயிற்சியையே, நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதற்சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. சோகை, வலி, தைராய்டுக் குறை ஆகியவையும் களைப்பைத் தரும். வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்சாமெத்தசோன் உறக்கத்தைக் கெடுக்கும். அதைக் காலையில் உட்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

பெரியம்மாவின் களைப்பு முற்றும் நீங்கவில்லை. ஆயினும் மூன்றாம் வாரம் என்னோடு தெருமுனை வரை நடந்து வந்தார். நண்பர்களே, நாளை உங்களில் ஒருவர் இவ்வாறு துணையிருக்க நேரலாம். நோயாளியைப் படுக்க வைப்பது எளிது. உறங்க வைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.