தெளிவான கேனோபிக்கு என்ன வழி?

பிளாஸ்டிக் மாடல் விமானம் கட்டுகிறவர்களைக் கடைசிக் கட்டத்தில் சோதிப்பது கேனோபி, அதாவது விமானியின் தலைக்கு மேல் வரும் கண்ணாடிக் கூண்டு. அதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய நான்கு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: 1/72 அளவில் ஸ்பிட்ஃபயர் கட்டினேன். சூப்பர் குளூ வைத்துக் கேனோபியை ஒட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வெள்ளையாகப் புகை படிந்திருக்கிறது. சீட், பெல்ட், கருவிப் பலகை எதுவும் தெரியவில்லை. காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சூப்பர் குளூ காயும்போது அதிலிருந்து ஆவி எழும். அந்த ஆவி அருகிலுள்ள பரப்பில் பட்டு, அங்கிருக்கும் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளையாக இறுகும். கண்ணுக்குப் புலப்படாத கைரேகைகளை வெளிக்கொண்டுவரத் தடயவியல் ஆய்வாளர்கள் பயன்படுத்துவதும் இதே ஆவியைத்தான். மூடிய காக்பிட்டில் ஆவி வெளியேற வழியில்லை. அதனால்தான் உள்பக்கம் இவ்வளவு பாதித்திருக்கிறது.

நல்ல வேளையாக, கறை மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. கேனோபியின் தெளிவைத் தீர்மானிப்பது அந்த மேற்பரப்புதான். பரப்பு வழவழப்பாக இருந்தால் ஒளி ஒழுங்காக ஊடுருவும். கீறலோ படிவோ இருந்தால் ஒளி சிதறும், வெள்ளையாகத் தெரியும். கேனோபியில் நாம் செய்யும் எல்லா வேலையும் அந்தப் பரப்பைக் காப்பாற்றுவதற்காகவே.

ஒட்டிய இடத்தில் மெல்லிய பிளேடின் நுனியைக் கொடுத்து, சிறிது சிறிதாக நகர்த்திக் கேனோபியைக் கழற்றுங்கள். சூப்பர் குளூ இறுகினால் சட்டென உடையும் தன்மை கொண்டது, அவசரப்படாவிட்டால் விட்டுவிடும். உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியில் பாலிஷிங் காம்பவுண்ட் தொட்டுத் தேயுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாக உலர விடுங்கள். உலர்ந்த பாலிஸ்டைரீனைத் துணியால் தேய்த்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி, சுற்றியுள்ள தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

அடுத்து, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷில் கேனோபியை ஒருமுறை முக்கி எடுங்கள். கீழ் விளிம்பை டிஷ்யூ தாளில் ஒற்றி, மிச்சத்தை வடித்துவிட்டு, ஒரு டப்பாவால் மூடி இரண்டு நாள் காயவிடுங்கள். நுண்ணிய கீறல்களை வார்னிஷ் நிரப்பிவிடும். ஒரு காலத்தில் இதற்குப் பெயர்போனது, ஜான்சன் நிறுவனம் அமெரிக்காவில் ‘ஃபியூச்சர்’ என்றும் பிரிட்டனில் ‘கிளியர்’ என்றும் விற்ற தரை பாலிஷ். மாடல் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் வார்னிஷும் அதே வேலையைச் செய்யும்.

மறுபடி ஒட்டும்போது ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே போதும். அதில் புகை வராது, காய்ந்தால் வெண்மை போய்த் தெளிந்துவிடும், வழிந்ததை ஈரப் பிரஷ்ஷால் துடைத்துவிடலாம்.

கேள்வி: என் எஃப்/ஏ-18 மாடலின் கேனோபி நடுவில், முன்னிருந்து பின்வரை ஒரு கோடு ஓடுகிறது. இது உடைந்த பாகமா? உப்புத்தாள் போட்டால் கண்ணாடி மெலிந்து கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உடைந்ததல்ல, அச்சின் தடம். இந்தக் கேனோபியின் அடிப்பகுதியைவிட நடுப்பகுதி பக்கவாட்டில் புடைத்திருக்கும். மேலும் கீழுமாகத் திறக்கும் அச்சிலிருந்து அப்படிப்பட்ட பாகத்தை எடுக்க முடியாது. எனவே வெளி அச்சை இடமும் வலமுமாகப் பிரித்துச் செய்கிறார்கள். இரண்டும் சேரும் இடத்தில் கோடு விழுகிறது.

மெலிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். 1 மி.மீ. தடிமனுள்ள பாகத்தை 1/48 அளவில் கணக்கிட்டால், நிஜ விமானத்தில் அது 4.8 செ.மீ. ஆகிறது. கிட்டில் வருவதே மிதமிஞ்சிய தடிமன்தான்.

முதலில் பிளேடைச் செங்குத்தாகப் பிடித்து, கோட்டை மட்டும் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு வரிசையாகப் போடுங்கள். இந்தக் கட்டத்தில் கேனோபி பால்நிறமாகிவிடும். மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு எண்ணையும் முந்தையதற்குக் குறுக்குத் திசையில் தேயுங்கள். பழைய கீறல் முழுதாக மறைந்த பிறகே அடுத்த எண்ணுக்குப் போங்கள். அவசரத்தில் ஓர் எண்ணைத் தாண்டினால், எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்தக் கீறல் கடைசியில் தெரியும். பிறகு மைக்ரோ-மெஷ் துணியில் 3200-இலிருந்து 12000 வரை. கடைசியில் டாமியா காம்பவுண்டின் ‘ஃபினிஷ்’ வகை. கார் பாலிஷும் உதவும். ஆனால் சில கரைப்பான்கள் தெளிந்த பாலிஸ்டைரீனில் நுண்விரிசல் உண்டாக்கும் என்பதால், கேனோபி இணைந்து வந்த பிளாஸ்டிக் சட்டத்தின் (ஸ்ப்ரூ) மிச்சத் துண்டில் முதலில் சோதியுங்கள்.

கேள்வி: மெஸ்ஸர்ஷ்மிட் 109 கேனோபியில் எத்தனை சட்டங்கள்! பிரஷ்ஷால் நேர்கோடு வரவே மாட்டேன் என்கிறது. உள்பக்கமும் பெயின்ட் அடிக்க வேண்டுமா?

பதில்: உள்பக்கம் அடிக்கத் தேவையில்லை. வெளியே அடிக்கும் பெயின்ட்டின் வரிசையிலேயே இது தீர்ந்துவிடும். கண்ணாடிப் பகுதிகளை மட்டும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். டேப்பைப் பல்குச்சியால் அழுத்தினால் சட்டத்தின் விளிம்பு மேலே தெரியும். புதிய பிளேடின் எடை மட்டும் படும்படி அந்த விளிம்போடு இழுங்கள். டேப் மட்டும் வெட்டுப்பட வேண்டும், பிளாஸ்டிக்கில் கீறல் விழக்கூடாது. வளைந்த இடங்களில் மெல்லிய கீற்றுகளை ஓரங்களில் ஒட்டி, நடுவைத் திரவ மாஸ்க்கால் நிரப்புங்கள்.

முதலில் உள்நிறத்தை அடியுங்கள். பிற்காலத்து 109-களுக்கு அது ஆர்எல்எம் 66 என்ற கருஞ்சாம்பல். அதன்மேல் விமானத்தின் வெளிநிறம். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது சட்டத்தின் உள்பக்கம் தானாகவே கருஞ்சாம்பலாகத் தெரியும். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக, பலமுறை. கெட்டியாக அடித்தால் டேப்புக்கு அடியில் கசியும்.

மேட் வார்னிஷ் அடித்து முடிக்கும்வரை டேப்பை எடுக்காதீர்கள். அந்தத் தூறல் கண்ணாடியில் பட்டால் மங்கிவிடும். எடுக்கும்போது டேப்பை மேல்நோக்கி இழுக்காமல், அதன்மீதே மடித்துப் பின்னோக்கி உரியுங்கள். கசிந்த பெயின்ட்டைக் கூராக்கிய பல்குச்சியால் சுரண்டலாம். மரம் பிளாஸ்டிக்கைவிட மென்மையாக நடந்துகொள்ளும்.

ஏர்பிரஷ் இல்லையென்றால், வெற்று டெக்கால் தாளில் பெயின்ட் அடித்து, சட்டத்தின் அகலத்துக்குக் கீற்றுகளாக வெட்டி ஒட்டுங்கள். பிரஷ் கோடுகளைவிட இது நேர்த்தியாக வரும்.

கேள்வி: நிஜ ஸ்பிட்ஃபயரில் இருந்தது கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

பதில்: இரண்டும். விமானியின் தலைக்கு மேல் நகரும் மூடி பெர்ஸ்பெக்ஸ் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். இந்தப் பெர்ஸ்பெக்ஸுக்கு ஒரு மருத்துவக் கதையும் உண்டு. 1940 ஆகஸ்டில் கார்டன் கிளீவர் என்ற பிரிட்டிஷ் விமானி ஓட்டிய ஹரிக்கேன் சுடப்பட்டபோது, அதன் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் அவர் கண்களில் புகுந்தன. அப்படிப்பட்ட சில்லுகள் கண்ணுக்குள் தங்கியும் பெரிய அழற்சி உண்டாகாததை மருத்துவர் ஹரால்ட் ரிட்லி கவனித்தார். 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், கண்புரை நீக்கிய கண்ணில் அக்ரிலிக் லென்ஸைப் பொருத்தினார். இன்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் தயாரிக்கும் உள்விழி லென்ஸ்களுக்கும் அதுவே தொடக்கம்.

போர்க்கால ஸ்பிட்ஃபயரின் முன்பக்கத்தில், விமானியின் முகத்துக்கு நேரே இருந்தது குண்டைத் தாங்கும் தடித்த கண்ணாடி. தடித்த கண்ணாடியைப் பக்கவாட்டில் பார்த்தால் லேசான பச்சை தெரியும். எனவே மாடலில் முன்கண்ணாடியின் விளிம்பில் மட்டும் கிளியர் கிரீன் பெயின்ட்டை நீர்க்கக் கலந்து ஒரு கோடு கொடுங்கள். மூடிக்கு வேண்டாம். எது கண்ணாடி, எது பெர்ஸ்பெக்ஸ் என்பது அந்த ஒரு கோட்டிலேயே விளங்கும்.