கடலுக்கு வந்த காய்ச்சல்

பரந்து கிடத்தலின் பரவை என்றும், ஆழமுடைமையின் ஆழி என்றும் கடலை நம் முன்னோர் வழங்கினர். நிலம் பகலில் விரைந்து கொதித்து, இரவில் விரைந்து குளிரும். கடலோ மெல்லச் சூடேறி மெல்லவே ஆறும். அத்தகைய பொறுமை வாய்ந்த கடலுக்கும் இந்நாளில் அடிக்கடி காய்ச்சல் வருகின்றது என்றால் நீங்கள் வியப்புறுவீர்கள்.

ஓரிடத்துக் கடல்நீர், அவ்விடத்திற்கும் அப்பருவத்திற்கும் உரிய வெப்பநிலையினும் மிக அதிகமாகச் சூடேறி, 5 நாட்களுக்குக் குறையாமல் அந்நிலையிலேயே இருக்குமாயின், அதனைக் கடல் வெப்ப அலை என்பர் அறிஞர். அது திங்கட் கணக்கில் நீடிப்பதும் உண்டு. 1980-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தை நோக்க, இவ்வலைகள் இப்போது ஏறக்குறைய இருமடங்காகப் பெருகியுள்ளன. இதற்குக் காரணம் யாது? நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரிப்பதால் எழும் கரியமில வாயு, வெப்பத்தை வெளியே செல்லவொட்டாமல் தடுக்கின்றது. அவ்வாறு தேங்கும் வெப்பத்தில் நூற்றுக்கு 90 பங்கிற்கும் மேல் கடலே ஏற்றுக்கொள்கின்றது.

இதன் விளைவை ஆஸ்திரேலிய நாட்டின் வடகிழக்குக் கரையில் கண்கூடாகக் காணலாம். ஆங்கே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்குப் பெருந்தடுப்புப் பவளத்திட்டு அமைந்துள்ளது. 1,500-க்கும் மேற்பட்ட மீனினங்கள் அதனை அண்டி வாழ்கின்றன. பவளம் வெறுங் கல்லன்று. கணக்கற்ற சிற்றுயிர்கள் தம் உடலினின்றும் சுரந்த சுண்ணாம்பால் எழுப்பிய மாளிகையே அத்திட்டு. அவ்வுயிர்களின் உடலில் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி கதிரவன் ஒளியால் உணவு ஆக்கிப் பவளத்திற்கு ஊட்டுகின்றது. பவளம் பாசிக்கு உறையுள் அளிக்கின்றது. பவளத்தின் வண்ணமும் பெரும்பாலும் பாசியால் அமைந்ததே.

வழக்கமான கோடையின் உச்ச வெப்பத்தினும் ஒரு பாகை மிகுந்து, சில வாரங்கள் அவ்வாறே நீடிப்பின் இந்நட்பு முறிகின்றது. பவளம் பாசியை வெளியேற்றி வெளிறிப் போகின்றது. வெளிறிய பவளம் உடனே இறப்பதில்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசி மீளும், பவளமும் பிழைக்கும். குளிராவிடின் அது பட்டினியால் மடியும்.

1998-ஆம் ஆண்டில் அத்திட்டில் பவளங்கள் பெருமளவில் வெளிறின. 2002-இல் மீண்டும் வெளிறின. பின்னர் 14 ஆண்டுகள் அத்துணைப் பெருங்கேடு நேரவில்லை. அதன்பின் 2016, 2017, 2020, 2022, 2024, 2025 என அடுத்தடுத்து வந்துற்றது. விரைந்து வளரும் பவளங்களும் அழிவினின்றும் தேறப் பத்தாண்டுகளேனும் வேண்டும். இப்போது கிடைப்பதோ ஓராண்டும் ஈராண்டும் மூன்றாண்டுமே! காய்ச்சலினின்றும் எழுந்தவன், கஞ்சி குடித்து உடல் தேறுமுன் மீண்டும் படுக்கையில் வீழ்ந்தால் என்னாவான்? பவளத்தின் நிலையும் அதுவே.

இத்துன்பம் அயல்நாட்டிற்கே உரியது என்று எண்ணற்க. நம் மன்னார் வளைகுடாவின் பவளங்களும் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளிறின.

நோயின் கடுமையை அளப்பவன் அது வரும் இடைவெளியையும் எண்ணுதல் வேண்டும். நாம் எழுப்பும் புகையைக் குறைப்பின், இக்காய்ச்சல் மேன்மேலும் பெருகாமல் தடுக்கலாம். தேறுதற்குக் காலம் அளிப்பதே கடலுக்கு நாம் செய்யத்தக்க மருத்துவமாகும்.