இந்தியாவிலிருந்து மருமகள் வருகிறாளா? விசா பற்றிக் கொஞ்சம் படிப்போம்



நமது தோட்டங்களுக்கு இந்தியச் சம்பந்தம் ஒன்றும் புதிதல்ல. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அண்ணன் இங்கே, தங்கச்சி கோத்தகிரியில். மாமா இங்கே, அத்தை கூடலூரில். 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றபின் கடிதப் போக்குவரத்துகூட அருகிப் போனது. இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. விட்டுப்போன உறவைத் தேடிப் பிடிக்கிறார்கள், முகம் பார்த்துப் பேசுகிறார்கள், பிள்ளைகளுக்குச் சம்பந்தமும் பேசி முடித்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சீர் பேசுகிறோம், நகை பேசுகிறோம், முகூர்த்தம் பார்க்கிறோம். விசாவைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். பையன் நமது தோட்டத்துப் பையன், பெண் கூடலூர்ப் பக்கம். அவள் சுற்றுலா விசாவில் வந்தாள். கோயிலில் தாலி கட்டி, பதிவும் செய்தார்கள். நாங்களும் போய்ச் சாப்பிட்டு, வாழ்த்திவிட்டு வந்தோம். "விசா எப்ப முடியுதும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது எங்கள் தப்பு.

ஒரு வருஷத்துக்கு மேல் போனது. குழந்தையும் பிறந்தது. ஒருநாள் காலையில் அந்தப் பெண் கைக்குழந்தையோடு எங்கள் ஆபீசு வாசலில் நின்றாள். கூடலூரில் அவளுடைய அப்பா தவறிவிட்டார். உடனே போகவேண்டும் என்று பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், விசா முடிந்து பல மாதம் ஆகியிருந்தது. "கல்யாணம் பதிஞ்சாச்சு தானேங்க ஐயா, இனி என்ன விசான்னு இருந்துட்டோம்" என்றார் மாமியார். இப்படியே விமான நிலையத்துக்குப் போனால் அபராதம் கட்டவேண்டும், திரும்பி வர விடுவார்களா என்ற பயம் வேறு. குழந்தையையும் விட்டுவிட்டுப் போக முடியாது. அப்பாவின் முகத்தை அவள் போனில்தான் பார்த்தாள். பிறகு நகையை அடகு வைத்து, அபராதம் கட்டி, பத்தரமுல்லைக்குப் பலமுறை அலைந்துதான் விசா எடுத்தார்கள். அந்தக் காசு போனதல்ல பெரிசு.

ஆகவே முதலில் மனதில் வைக்கவேண்டியது இது. கல்யாணச் சான்றிதழ் வேறு, விசா வேறு. தாலி கட்டியதாலோ பதிவு செய்ததாலோ வெளிநாட்டுக்காரருக்கு இங்கே தங்கும் உரிமை தானாக வந்துவிடாது. அவர் இந்தியரானாலும் சரி, வெள்ளைக்காரரானாலும் சரி, மருமகள் ஆனாலும் மருமகன் ஆனாலும் சரி, சட்டம் ஒன்றுதான். இலங்கைப் பிரஜையைக் கட்டியவர்களுக்கென்று வதிவிட விசா ஒன்று இருக்கிறது. வாழ்க்கைத்துணை விசா என்று சொல்வார்கள். பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில்தான் அதற்கு விண்ணப்பிக்கவேண்டும். சுற்றுலா விசா பொதுவாக 30 நாள்தான். நீடிக்கலாம், ஆனால் அதற்கும் ஒரு முடிவு உண்டு. அந்த விசா உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

தனியே அனுப்பாதீர்கள். இங்குள்ள கணவனோ மனைவியோதான் பொறுப்பேற்றுக் கடிதம் கொடுக்கவேண்டும், கூடப் போகவும் வேண்டும். ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலையில் போய்ச் சேரலாம். ஒருநாள் பேர் போகும்தான், அதைப் பார்க்காதீர்கள். கல்யாணச் சான்றிதழ், இங்குள்ளவரின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வருகிறவரின் பாஸ்போர்ட், பொலிஸ் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, இவற்றைத்தான் வழக்கமாகக் கேட்பார்கள். மூலப் பிரதியும் போட்டோ கொப்பியும் இரண்டும் கையில் இருக்கட்டும். கேட்கும் பத்திரங்களும் கட்டணமும் இடைக்கிடை மாறுவதால் புறப்படுவதற்கு முன் எங்களிடம் ஒருமுறை கேளுங்கள், விசாரித்துச் சொல்கிறோம். இந்தியப் பொலிஸ் சான்றிதழை அங்கே பாஸ்போர்ட் ஆபீசில் எடுப்பார்கள். புறப்படும் முன்பே எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

லயத்தில் இருப்பவர்களுக்கு வதிவிடச் சான்று ஒரு தொல்லை. வீட்டுப் பத்திரம் கிடையாது, லயத்துக்குச் சரியான இலக்கமும் இருக்காது. தோட்ட நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். அவர் தரும் சான்றில் பிரதேச செயலாளரின் கையொப்பமும் இருக்கவேண்டும். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தா காலத்துப் பிரஜாவுரிமைப் பத்திரம் பெட்டியில் கிடந்தால் அதைக் கறையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை பெயர். எங்களிடம் வருகிறவர்கள் கூடுதலாக மாட்டிக்கொள்வது இங்கேதான். நமது ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது வேறு பெயர். அன்றைக்குப் பதிவு செய்த உத்தியோகத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். விஜயலட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் 'வி' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'டபிள்யூ' போட்டு எழுதுவார். லட்சுமி லெட்சுமியாகிவிடும். நமக்கு இரண்டும் ஒன்றுதான்; விசா கொடுக்கும் உத்தியோகத்தருக்கு இரண்டு ஆள். இந்தியப் பக்கத்திலும் இதே கதை. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரே எழுத்தாக முன்னால் நிற்கும், பாஸ்போர்ட்டில் அதே பெயர் முழுசாகப் பின்னால் போய்விடும்.

கல்யாணத்தைப் பதியும்போது பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, பெயரை எழுதச் சொல்லுங்கள். "எப்படி எழுதினா என்னங்க, ஆள் நான்தானே" என்று விட்டுவிடாதீர்கள். சின்ன வித்தியாசம் என்றால் சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துத் திருத்தவேண்டும். அதற்கு மாதக்கணக்கில் போகும். அதனால்தான் கல்யாணத்துக்கு முன்பே பார்க்கச் சொல்கிறோம்.

பதிவு எங்கே செய்வது என்பதும் முக்கியம். வெளிநாட்டுக்காரர் சம்பந்தப்பட்ட கல்யாணம் என்றால் பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரைப் போய்ப் பாருங்கள். 2022 ஜனவரி முதல் இப்படியான கல்யாணங்களுக்குப் பாதுகாப்புச் சான்று ஒன்றும் வேண்டும் என்று ஒரு சுற்றுநிருபம் வந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்படி விதிகள் வரும், மாறும். நாள் குறிக்கும் முன் பதிவாளரிடம் நேரில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஐயரிடம் போங்கள். தமிழ்நாட்டில் வைத்துக் கல்யாணம் செய்தால், 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே எந்த மதக் கல்யாணத்தையும் பதிவது கட்டாயம். கோயில் ரசீதையும் போட்டோ ஆல்பத்தையும் கொண்டு வந்து இங்கே ஒன்றும் செய்ய முடியாது.

விசா கிடைத்தபின் "வேலை முடிஞ்சுது" என்று இருந்துவிடாதீர்கள். அதிலும் ஒரு தேதி இருக்கும். அதற்கு முன்பே புதுப்பிக்கவேண்டும். தொழில் செய்யலாமா என்பது பற்றி விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பார்க்காமல், அல்லது கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், மருமகளைக் கொழுந்து எடுக்க மலைக்கு அனுப்பக்கூடாது. சுற்றுலா விசாவில் அறவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், மாமியார்மார் கோபித்தாலும் சரி. மருமகளின் பாஸ்போர்ட் மருமகளின் கையில்தான் இருக்கவேண்டும். பத்திரத்துக்கு என்று சொல்லிப் பெட்டியில் பூட்டி வைக்கும் வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். இந்த விசா கணவனின் கையொப்பத்தில் நிற்கிற விசா. அவன் கோபத்தில் "இனி போட மாட்டேன்" என்றால் அந்தப் பெண்ணுக்குப் போக இடமில்லை. அப்படி ஒரு நிலைமை இருந்தால், தங்கச்சி, நீங்கள் தனியாக எங்களிடம் வரலாம். வீட்டுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். முன்பு அப்பா இலங்கைப் பிரஜையாக இருந்தால்தான் பிள்ளைக்கும் பிரஜாவுரிமை. 2003இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது அம்மா இலங்கைப் பிரஜையாக இருந்தாலும் போதும். ஆனால் பிரசவத்துக்கு மருமகள் தாய்வீடு போய்ப் பிள்ளை இந்தியாவில் பிறந்தால், ஒரு வருஷத்துக்குள் அந்தப் பிறப்பை இலங்கைப் பக்கத்தில் பதியவேண்டும். சென்னையில் நமது துணைத் தூதரகம் இருக்கிறது. பேர் வைக்கிற நாளோடு இதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

மருமகளுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் இந்தியா இரட்டைப் பிரஜாவுரிமை கொடுப்பதில்லை. இதை எடுத்தால் அது போய்விடும். அங்கே வயதான தாய் தகப்பன் இருப்பவர்கள், போகவர விசா தேவைப்படும் என்பதை யோசித்துச் செய்யவேண்டும். அவசரப்பட வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

நமது பெண்கள் அங்கே வாழப் போனாலும் கதை இதேதான். 180 நாளுக்கு மேற்பட்ட இந்திய விசாவில் போகிறவர்கள் பொதுவாக 14 நாளுக்குள் அங்குள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதியவேண்டும். அந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க 7 வருஷம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதுவரை அங்கே அவள் வெளிநாட்டுக்காரிதான்.

டவுனில் "நான் முடித்துத் தாறேன்" என்று புரோக்கர்மார் வருவார்கள். மூலப் பத்திரங்களை அவர்களிடம் கொடுக்காதீர்கள். தமிழில் கேட்கவும், தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. எழுத்து வேலை என்றால் படிவத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம், காசு வேண்டாம்.

சம்பந்தம் பேசிக்கொண்டிருப்பவர்கள் இரண்டு பக்கத்துப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போர்ட் பிரதிகளை இப்போதே எங்கள் ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். சம்பள நாளன்று மட்டும் வேண்டாம், அன்றைக்கு நின்று பேச நேரமிருக்காது.