மாஸ்ட் ரிப்பேர் ஆன படகை வாங்கலாமா?

சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்ல ஓட்டினது லேசர் ரேடியல். அந்த லேசர் குடும்பத்துல பழைய படகு ஒண்ணு உங்களுக்கு விலைக்கு வருதுன்னு வைங்க. "மாஸ்ட் ரிப்பேர் பண்ணியாச்சு" என்கிறார் விற்பவர். என்ன ரிப்பேர்னு கேளுங்க. விலையே அதுலதான் இருக்கு.

சாதாரண லேசர் மாஸ்ட் ரெண்டு அலுமினியக் குழாய். மேல்குழாய் கீழ்க்குழாய்க்குள் செருகி நிற்கும். இழுத்துக்கட்டும் கம்பி கிடையாது. ஆக, நாம செமஸ்டர்ல போட்ட அதே கேண்டிலீவர் கணக்கு: நுனியில் பெண்டிங் மொமென்ட் பூஜ்யம், கீழே வர வர அதிகம். இணைப்புல காலரைப் பிடிக்க ஒரு ரிவெட் துளை உண்டு. துளை ஓரத்தில் தகைவு கிட்டத்தட்ட 3 மடங்கு. விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

வெல்டிங் என்றால் நான் வாங்க மாட்டேன். பதமேற்றிய அலுமினியம் அந்தச் சூட்டில் பதம் இழந்துடும். பெயிண்ட் அடிச்சா தெரியவும் தெரியாது. உள்ளே ஸ்லீவ் போட்டிருந்தா தாங்கலாம், ஆனா அந்த இடம் விறைப்பாகி வளைவே மாறும். பாய் தைச்சிருப்பது பழைய வளைவுக்கு! சும்மா ஓட்ட ஓகே, ரேஸுக்கு வேண்டாம்.

எனக்குப் பிடிச்ச ரிப்பேர், மேல்குழாயைத் தலைகீழாகத் திருப்பி வேற காலர் அடிப்பது. பழைய துளை நுனிக்குப் போயிடும், அங்கே மொமென்ட்டே இல்லையே.

பணம் கொடுக்கும் முன் மேல்குழாயைக் கழற்றி, சமதரையில் உருட்டிப் பாருங்க. தள்ளாடினா வளைஞ்சிருக்கு. ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி இருந்தா உப்புநீர் அரிப்பு. ரெண்டுல எது இருந்தாலும், புதுக் குழாயின் விலையைக் கழிச்சுட்டுப் பேரம் பேசுங்க.