ஏல மலையில் ஒரு தக்காளிப் பாத்தி

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாட்டின் பல நகரங்களில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைக் கடந்தது. சில இடங்களில் 200 ரூபாயையும் தொட்டது. மத்திய அரசு தேசியக் கூட்டுறவு நுகர்வோர் இணையத்தின் வழியாகக் கிலோ 90 ரூபாய்க்குத் தக்காளி விற்க நேர்ந்தது. அம்மாதச் சில்லறைப் பணவீக்கம் 7.44 விழுக்காடு. ரிசர்வ் வங்கியின் இலக்கு 4, மேல் வரம்பு 6 என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். ஒரு காய்கறியின் விலை நாட்டின் பணவீக்கக் கணக்கையே அசைத்துவிட்ட மாதம் அது.

சக்குபள்ளம், குமுளி வட்டாரத்து வாடிக்கையாளர்கள் அந்த விலையேற்றத்தை நன்கு உணர்ந்திருப்பார்கள். ஏலமும் மிளகும் விளையும் இம்மலையில் அன்றாடச் சமையலுக்கான காய்கறிகளில் பெரும்பங்கு கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தே மேலேறி வருகிறது. ஆகவே, வீட்டுக் கொல்லையில் பன்னிரண்டு தக்காளிச் செடிகள் வைப்பது எவ்வளவு பயன் தரும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

நன்கு பேணிய செடி ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோ எனக் கொண்டால் மொத்தம் 18 கிலோ. வாரம் 2 கிலோ செலவாகும் குடும்பத்திற்கு ஒன்பது வாரத் தேவை. கிலோ 15 ரூபாய் விற்கும் காலத்தில் அதன் மதிப்பு 270 ரூபாய்தான். விதை, எரு, கொம்பு ஆகியவற்றின் செலவே அதை விழுங்கிவிடும். கிலோ 150 ரூபாய் விற்கும்போதோ அது 2,700 ரூபாய். எனவே எவ்வளவு விளைந்தது என்பதைவிட எப்போது விளைந்தது என்பதே முக்கியம்.

இங்குதான் சிக்கல். செப்டம்பர் இறுதியில் விதைத்து, அக்டோபர் இறுதியில் நட்டு, ஜனவரி முதல் பறிப்பது இம்மலைக்கு எளிய பருவம். ஆனால் அப்போது சந்தையிலும் வரத்து மிகுதியாக இருப்பது வழக்கம். விலை ஏறும் ஜூலை மாதமோ இங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலம். அப்போது காய் வேண்டுமெனில் மார்ச் நடுவில் விதைத்து, 25 முதல் 30 நாள் நாற்றை ஏப்ரலில் நட்டு, ஜூன் பிறக்குமுன் பாத்தியின்மேல் மூங்கில் சட்டம் அமைத்துப் பாலித்தீன் கூரை போட வேண்டும். பக்கங்களை அடைக்காதீர்கள், காற்று ஓடட்டும். கூரையின் செலவை ஓராண்டில் எழுதித் தள்ளாமல், மூன்று பருவங்களுக்குப் பங்கிட்டுக் கணக்கிடுவதே முறை.

ஏலத்திற்கு நிழல் வேண்டும். தக்காளிக்கோ நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலேனும் வேண்டும். ஆகவே ஏலக்காட்டின் ஓரம் ஆகாது. வீட்டு முற்றமே ஏற்றது. மழை மிகுந்த இம்மண் பெரும்பாலும் அமிலத் தன்மை உடையது. நடவுக்கு இரண்டு வாரம் முன்னதாகச் சதுர மீட்டருக்கு 50 கிராம் அளவில் சுண்ணாம்பு தூவிக் கிளறுங்கள். பஞ்சாயத்துக் கிருஷி பவனை அணுகி மண்ணைப் பரிசோதித்துக்கொண்டால் அளவு துல்லியமாகத் தெரியும்.

அமில மண்ணில் பெரிய பகை பாக்டீரியா வாடல். நேற்றுவரை பச்சையாக நின்ற செடி இன்று தலை தொங்கிவிடும். தண்ணீர் ஊற்றினாலும் மீளாது. ஐயமிருந்தால் தண்டை நறுக்கி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுனை மூழ்குமாறு பிடியுங்கள். பால் போன்ற நூல் வழிந்தால் அதுவே அந்நோய். மருந்து தேடிப் பணம் செலவழிப்பது வீண். செடியை வேரோடு பிடுங்கி அகற்றுங்கள். அவ்விடத்தில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றையும் வைக்கலாகாது. அவையும் அதே குடும்பத்தின.

ஆதலால் இரகத் தேர்வே உண்மையான காப்பீடு. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா ஆகியவை இவ்வாடலைத் தாங்குபவை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இலைச்சுருள், வாடல், முன்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும் கலப்பினம். மலையடிவாரத்துப் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1, தேனியருகே உள்ள அன்னஞ்சியின் நாட்டுத் தக்காளியிலிருந்து பெறப்பட்டது. சுவையில் நம் ஓட்டு அதற்கே. ஆனால் வாடல் கண்ட மண்ணில் அதை நம்பி இறங்க வேண்டாம்.

மூடுபனியும் தூறலும் கூடினால் பின்கருகல் வரும். இலையில் நீர் ஊறியதுபோல் கரும்புள்ளி தோன்றி, சில நாள்களிலேயே செடி முழுவதும் கருகும். ஏலக்காய் அழுகலை உண்டாக்கும் பைட்டோப்தோரா இனத்தைச் சேர்ந்த உயிரியே இதற்கும் காரணம் என்பதால் தடுப்பும் நம் விவசாயிகள் அறிந்ததே: ஒரு விழுக்காடு போர்டோ கலவை. வீட்டளவிற்கு அரை லிட்டர் நீரில் 10 கிராம் மயில்துத்தம், மற்றோர் அரை லிட்டரில் 10 கிராம் சுண்ணாம்பு. பிளாஸ்டிக் பாத்திரத்தில் துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கி, அன்றே தெளித்துவிட வேண்டும். ஏலத்திற்கு வாங்கிய பூச்சிமருந்தில் எஞ்சியதைச் சமையலறைத் தக்காளிக்கு ஒருபோதும் அடிக்காதீர்கள்.

தண்ணீரை வேரடியில் மட்டும், சீராக ஊற்றுங்கள். காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் பழம் வெடிக்கும். காயின் அடிப்பகுதியும் கறுத்துவிடும். மண் எட்டாதவாறு அடியிலைகளைக் கிள்ளி, கொம்பு நட்டுக் கட்டுங்கள்.

நட்ட 60 முதல் 70 நாள்களில் முதற் பறிப்பு. செடியிலேயே முழுதும் சிவக்கட்டும் என்று மழைக்காலத்தில் காத்திருப்பது நட்டம். காயின் அடியில் இளஞ்சிவப்பு படர்ந்ததும் பறித்துவிடலாம். வீட்டினுள் நான்கைந்து நாளில் பழுத்துவிடும். இம்மலையின் குளிர் நமக்குச் சாதகம்: 30 பாகையைத் தாண்டிய வெப்பத்தில் செந்நிறமி சரியாக உருவாகாது, கோடையில் சமவெளிப் பழம் மஞ்சளோடிக் கிடப்பது அதனால்தான். ஈரமான பழத்தைக் கூடையில் அடுக்காதீர்கள்; காம்பை நீக்கிக் கவிழ்த்து வையுங்கள். பழுக்காத காயைக் குளிர்பெட்டியில் வைத்தால் நிறமும் மணமும் கெடும். பறிப்பின் இறுதியில் பச்சையாக எஞ்சும் முற்றிய காய்களை ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் மூடி வைத்தால் விரைவில் பழுக்கும். இளம் காய்கள் ஊறுகாய்க்கு ஆகும்.